ரத்தக்காட்டேரிகள் படிக்கும் ஹாஸ்டலுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

நான் கல்லூரியில் படித்தபோது தங்கிய ஹாஸ்டலில் மாலை ஆறரைக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். ஐந்து நிமிடம் பிந்தினால் வார்டன் முன்னால் நின்று மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். இரண்டாவது மாடியின் கடைசிக் குளியலறை எப்போதும் பூட்டியே கிடக்கும். குழாய் உடைந்துவிட்டது, அவ்வளவுதான் என்பார் கூட்டிப் பெருக்க வரும் அக்கா. நாங்கள் அதை நம்பவில்லை. ராத்திரி ஒரு மணிக்கு உள்ளே கொலுசுச் சத்தம் கேட்கும் என்று சீனியர்கள் சொன்னதைத்தான் நம்பினோம். ஒரு கேட், ஒரு பூட்டிய அறை, பக்கத்துக் கட்டிலில் கிசுகிசுக்க ஒரு தோழி. இதை வைத்தே நாவல் எழுதலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அமெரிக்காவில் பலருக்குத் தோன்றியிருக்கிறது.

விடுதிப் பள்ளி, அதில் அமானுஷ்யம், அதற்குள் ஒரு காதல். ஆங்கிலத்தில் இளையோருக்காக எழுதப்படும் நாவல்களில் இது தனி அலமாரியே வைக்கும் அளவுக்குப் பெருகிவிட்ட வகை. வெளியே இருந்து பார்த்தால் எல்லா அட்டையும் ஒன்று போலத்தான் இருக்கும்: கறுப்புப் பின்னணி, வெளிறிய முகத்தோடு ஒரு பெண், சிவப்பில் ஏதோ ஒன்று. எதில் தொடங்குவது, எதைத் தவிர்ப்பது, வீட்டுப் பிள்ளை இதையே கையில் வைத்துக்கொண்டு சாப்பிடக்கூட வராவிட்டால் என்ன நினைத்துக்கொள்வது என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், எங்கே வந்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

‘யங் அடல்ட்’ என்று நூலகத்தில் சொல்வது ஏறக்குறைய 12 முதல் 18 வயது வரை உள்ள வாசகர்களை. ஆனால் வாங்கிப் படிப்பவர்களில் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் நிறைய. நானும் அதில் ஒருத்தி. வெட்கப்பட ஒன்றும் இல்லை.

விடுதிப் பள்ளிக் கதை மிகப் பழையது. இங்கிலாந்தில் ரக்பி பள்ளியைக் களமாக வைத்து ‘டாம் பிரௌன்ஸ் ஸ்கூல் டேஸ்’ 1857இல் வந்தது. எனிட் பிளைட்டன் 1941இல் ‘செயின்ட் கிளேர்ஸ்’ வரிசையையும், 1946இல் ‘மேலரி டவர்ஸ்’ வரிசையையும் தொடங்கினார். நம் ஊர் வாடகை நூலகங்களில் அந்தப் புத்தகங்களை அட்டை கிழியக் கிழியப் படித்தவர்களுக்கு, நடுராத்திரியில் டார்மிட்டரியில் கேக் தின்கிற சுகம் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்தப் பள்ளிக்குள் ரத்தக்காட்டேரி எப்போது சேர்ந்தது? 2005 அக்டோபரில், ரத்தக்காட்டேரியைக் காதலிக்கும் பெண்ணின் கதையான ‘ட்வைலைட்’ வந்தது. அதில் வருவது சாதாரணப் பகல் பள்ளிதான். பெண் சாயங்காலம் வீட்டுக்குப் போய் அப்பாவுக்குச் சமைக்கிறாள். ஆனால் அந்த நாவல் விற்ற வேகத்தில் கதவு திறந்துகொண்டது. 2007இல் ‘வேம்பயர் அகாடமி’யும் ‘ஹவுஸ் ஆஃப் நைட்’ வரிசையின் முதல் நூலும், 2008இல் ‘எவர்நைட்’, 2009இல் ‘ஃபாலன்’, 2010இல் ‘ஹெக்ஸ் ஹால்’ என்று வரிசையாக வந்தன. ஜப்பானியர்கள் அதற்கும் முந்திக்கொண்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ‘வேம்பயர் நைட்’ என்ற மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, 2004இலேயே தொடங்கிவிட்டது. அதில் ஒரே பள்ளியில் பகல் வகுப்புக்கு மனிதர்கள், இரவு வகுப்புக்கு ரத்தக்காட்டேரிகள். இரண்டு வகுப்பும் மாறுகிற நேரத்தில் வாசலில் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதுதான் கதாநாயகியின் வேலை.

அப்புறம் சில வருடம் அலை ஓய்ந்தது. 2020இல் ‘கிரேவ்’ வந்து மறுபடி கிளப்பிவிட்டது. 2022 நவம்பரில் ‘வெட்னெஸ்டே’ தொடர் வந்ததும், புத்தகமே தொடாத பிள்ளைகள்கூட இந்த வகைக்குள் நுழைந்தார்கள்.

முதல் புத்தகத்தை உங்கள் குணத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

பலர் செய்கிற தவறு, எது அதிகம் விற்றதோ அதை எடுப்பது, அல்லது எது முதலில் வந்ததோ அதிலிருந்து வரிசையாகப் படிக்கக் கிளம்புவது. இரண்டும் வேண்டாம்.

பேய் பிசாசு என்றாலே சிரிப்பு வருகிறவர் என்றால் ரேச்சல் ஹாக்கின்ஸின் ‘ஹெக்ஸ் ஹால்’. சோஃபி என்ற பதினாறு வயது சூனியக்காரி, பள்ளி நடன விழாவில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு உதவப்போய்க் காதல் மந்திரத்தைச் சொதப்பிவிடுகிறாள். தண்டனையாக, ஒரு தீவில் இருக்கும் சீர்திருத்த விடுதிக்கு அனுப்புகிறார்கள். அங்கே இவளுடைய ரூம்மேட் அந்தப் பள்ளியின் ஒரே ரத்தக்காட்டேரி மாணவி. அவளுக்கு இளஞ்சிவப்பு என்றால் உயிர். அறை முழுக்க அதே நிறம். மூன்றே புத்தகம், ஒவ்வொன்றும் சின்னது. யார் கேட்டாலும் நான் முதலில் கையில் கொடுப்பது இதைத்தான்.

காதலைவிட நட்பு முக்கியம் என்பவருக்கு ரிச்செல் மீடின் ‘வேம்பயர் அகாடமி’. அமெரிக்காவின் மான்டானா மலைக்காட்டில் ஒரு பள்ளி. லிஸ்ஸா என்பவள் அரச குலத்து ரத்தக்காட்டேரி, தன் வம்சத்தில் மிஞ்சிய கடைசி ஆள். ரோஸ் அவளுடைய உயிர்த்தோழி, பாதி மனுஷி, அவளுக்கு மெய்க்காப்பாளராகப் பயிற்சி பெறுகிறவள். லிஸ்ஸா மனதில் ஓடுவதை ரோஸால் உள்ளே புகுந்து பார்க்க முடியும். மறுபக்கம் அது நடக்காது. அந்த ஒருவழிப் பாதையில்தான் கதையின் எடை முழுக்க இருக்கிறது. ஒருத்தி எப்போதும் காவல் காக்க வேண்டும், இன்னொருத்தி எப்போதும் காக்கப்பட வேண்டும் என்று ஒரு சமூகமே முடிவு செய்துவைத்திருக்கும்போது, அந்த இரண்டு பேரும் சமமான தோழிகளாக இருக்க முடியுமா? ஆறு புத்தகம் இந்தக் கேள்வியை விடாமல் துரத்துகிறது. காதலும் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் அதை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். இந்த வகையில் அப்படிச் சொல்லக்கூடியவை குறைவு.

சரித்திரக் கதை பிடிக்கும் என்றால் லிப்பா பிரே எழுதிய ‘எ கிரேட் அண்ட் டெரிபிள் பியூட்டி’. 2003இல் வந்தது, ‘ட்வைலைட்’டுக்கு முன்பே. கதை தொடங்குவது 1895இல் பம்பாயில், ஜெம்மா டாயிலின் பதினாறாவது பிறந்த நாளன்று. அன்று அம்மா இறந்துபோகிறாள். அதை ஜெம்மா ஒரு தரிசனமாகப் பார்த்துவிடுகிறாள். பிறகு அவளைக் கப்பலேற்றி இங்கிலாந்தில் ஸ்பென்ஸ் என்ற பெண்கள் விடுதிப் பள்ளியில் சேர்க்கிறார்கள். அங்கே சொல்லித் தருவது பிரெஞ்சு, ஓவியம், நடனம், எப்படி உட்கார வேண்டும், எப்படிச் சிரிக்காமல் இருக்க வேண்டும். அதாவது நல்ல மாப்பிள்ளை கிடைப்பதற்கான பயிற்சி. நான்கு தோழிகளில் ஒருத்தியான ஆன் உதவித்தொகையில் படிக்கிறவள். படித்து முடித்ததும் உறவினர் வீட்டுக் குழந்தைகளுக்கு கவர்னஸாக, அதாவது வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லித் தருபவளாகப் போக வேண்டியவள். இந்தப் பெண்களுக்கு இன்னொரு உலகத்துக்குள் நுழையும் வழி கிடைக்கும்போது அவர்கள் கேட்கிற வரங்களைப் பாருங்கள்: அழகு, அதிகாரம், உண்மையான காதல், தன்னைத் தானே அறிதல். பள்ளி தர மறுத்த அத்தனையும். பம்பாயிலிருந்து ஜெம்மாவைத் தொடர்ந்து வரும் கார்த்திக் என்ற இந்திய இளைஞனைப் பற்றி எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. கண்ணும் இமையும் வர்ணிக்கப்படுகிற அளவுக்கு அவனுக்கு ஊர், பேச்சு, வீடு என்று எதுவும் தரப்படவில்லை. இருந்தும் புத்தகம் நல்ல புத்தகம்.

பூர்வஜென்மக் காதலில் மயங்குகிறவருக்கு லாரன் கேட்டின் ‘ஃபாலன்’. ஜார்ஜியா மாநிலத்து சவானா நகரத்தில் ஒரு சீர்திருத்தப் பள்ளி, மூலைக்கு மூலை கண்காணிப்புக் கேமரா, பார்த்த கணத்திலேயே ‘இவனை எங்கேயோ பார்த்திருக்கிறேன்’ என்று கதாநாயகிக்குத் தோன்றும் ஒரு பையன். மீதியை, நம் சினிமா பார்த்து வளர்ந்தவர்கள் இருபதாவது பக்கத்திலேயே ஊகித்துவிடுவீர்கள். ஊகித்த பிறகும் படிக்க முடிந்தால் இது உங்களுக்கான புத்தகம். எனக்கு முடியவில்லை, இரண்டாவது பாகத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

தடிமனான புத்தகம்தான் வேண்டும், தூக்கம் போனாலும் பரவாயில்லை என்றால் ட்ரேசி வுல்ஃபின் ‘கிரேவ்’. முதல் பாகமே அறுநூறு பக்கத்தை ஒட்டி வரும். சான் டியாகோவின் வெயிலில் வளர்ந்த கிரேஸ், பெற்றோர் இறந்ததும் அலாஸ்கா பனியில் அப்பாவின் சகோதரர் தலைமையாசிரியராக இருக்கும் பள்ளிக்குப் போகிறாள். வேகம் அசாத்தியம். நின்று யோசித்தால் ஓட்டைகள் தெரியும், ஆனால் நிற்கவே விடாது.

‘ஹவுஸ் ஆஃப் நைட்’டை ஏன் கடைசியில் சொல்கிறேன் என்றால், கரு அருமை, நடை என்னோடு ஒத்துப்போகவில்லை. எழுதியவர்கள் ஒரு அம்மாவும் மகளும். கதை நடப்பது ஓக்லஹோமாவின் டல்சா நகரத்தில். நெற்றியில் பிறை அடையாளம் விழுந்த பிள்ளை ரத்தக்காட்டேரியாக மாறத் தொடங்கிவிடும், உடனே அந்த இரவுப் பள்ளிக்குக் குடிபெயர வேண்டும், இல்லாவிட்டால் சாவு. போனாலும் உடம்பு அந்த மாற்றத்தை ஏற்காமல் பாதியில் சாகலாம். வயதுக்கு வருவதை இதைவிட நேராக யாரும் கதையாக்கியதில்லை. ஆனால் செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த கதாநாயகியின் பாட்டியும் அவர்களுடைய சடங்குகளும் பல இடங்களில் அலங்காரமாகவே நின்றுவிடுகின்றன. அப்புறம், பன்னிரண்டு பாகம்.

பள்ளிக்கூடச் சொற்களைக் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள்

ஆங்கிலம் நன்றாக வருகிறவர்களும் தடுக்கி விழுவது இங்கேதான். அமெரிக்கப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ‘ஃப்ரெஷ்மன்’, பத்தாவது ‘சோஃபமோர்’, பதினொன்று ‘ஜூனியர்’, பன்னிரண்டு ‘சீனியர்’. ஆகவே ஒரு பெண் தன்னை ஜூனியர் என்று சொன்னால் சின்னப்பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். நம் பிளஸ் ஒன் வயது. ‘டார்ம்’ என்பது தங்குமிடம், ‘கர்ஃபியூ’ இங்கே ஊரடங்கு இல்லை, அறைக்குத் திரும்ப வேண்டிய நேரம். ‘டிடென்ஷன்’ என்றால் தப்பு செய்த பிள்ளையை வகுப்பு முடிந்தும் உட்கார வைப்பது. இந்தக் கதைகளில் கதாநாயகனும் நாயகியும் முதல்முறை தனியாகப் பேசிக்கொள்வது பெரும்பாலும் அந்த டிடென்ஷனில்தான். அதனால் அந்தச் சொல் வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள்.

‘வார்ட்’ என்று வருவது வார்டனோ ஆஸ்பத்திரி வார்டோ அல்ல. பள்ளியைச் சுற்றிப் போட்ட மந்திரக் கட்டு. நம் ஊரில் வீட்டைச் சுற்றிக் கட்டுப் போடுவது என்பார்களே, அதேதான். ‘மொரோய்’, ‘ஸ்ட்ரிகோய்’ இரண்டும் ருமேனிய நாட்டார் நம்பிக்கையிலிருந்து வந்தவை. ‘தம்பீர்’ என்பது பால்கன் பகுதி வழக்கில் ரத்தக்காட்டேரிக்கும் மனிதப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளை. ‘வேம்பயர் அகாடமி’ இவற்றைத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டது: மொரோய் உயிருள்ள, மந்திரம் தெரிந்த, செத்தும் போகக்கூடிய ரத்தக்காட்டேரிகள், ஸ்ட்ரிகோய் செத்தும் சாகாத கொடியவர்கள். முதல் ஐம்பது பக்கத்தில் இது குழம்பும். குழம்பட்டும். ஒரு காகிதத்தில் மூன்று பெயரை எழுதிப் புத்தகத்துக்குள் சொருகிக்கொள்ளுங்கள், போதும்.

பல்லைப் பார்க்காதீர்கள், கேட்டைப் பாருங்கள்

இதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்தக் கதைகளின் மயக்கம் ரத்தக்காட்டேரியில் இருக்கிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ரத்தக்காட்டேரி எங்கும் கிடைக்கும். ஹாஸ்டல் விதிகள்தான் இங்கே காதலை உண்டாக்குகின்றன.

எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் கேட்டைத் தேடுங்கள். உள்ளே இருப்பவரை எது வெளியே விடாமல் வைத்திருக்கிறது? ‘ஹெக்ஸ் ஹால்’ என்றால் கடல். ‘கிரேவ்’ என்றால் பனி. ‘ஃபாலன்’ என்றால் கேமரா. ‘ஹவுஸ் ஆஃப் நைட்’டில் சொந்த உடம்பே கேட், வளர்ந்த ரத்தக்காட்டேரிகளை விட்டு விலகினால் பிள்ளைகள் செத்துப்போவார்கள். ‘வேம்பயர் அகாடமி’ தொடங்கும்போதே, இரண்டு வருடம் முன்பு பள்ளியை விட்டு ஓடிப்போன தோழிகளைப் பிடித்துக் கொண்டுவருகிறார்கள்.

கேட்டைப் பூட்டியாகிவிட்டது என்றால் என்ன நடக்கும்? யாரைப் பார்க்கவே கூடாது என்று முடிவு செய்தீர்களோ அவர் காலை ஒன்பது மணிக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மத்தியானம் மெஸ்ஸில் எதிர் மேசையில் இருப்பார். வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்வருகிற பிள்ளைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள ஒரு வீடு இருக்கிறது. ஹாஸ்டல் பிள்ளைக்கு அது இல்லை. கோபமும் ஆசையும் ஆறுவதற்கு இடமே தராமல் ஒரே கூரையின் கீழ் வைத்து வேகவைக்கிறது கதை.

அடுத்து பார்க்க வேண்டியது நேர அட்டவணை. சலிப்பான விஷயம் போலத் தெரியும். ஆனால் மொரோய் பள்ளியில் சூரியன் மறைந்த பிறகுதான் பள்ளி நாள் தொடங்குகிறது என்று படித்தவுடன் அந்த உலகம் நம்பும்படி ஆகிவிடுகிறது. மந்திரத்துக்கும் ஒரு பீரியட், ஆயுதப் பயிற்சிக்கு ஒரு வாத்தியார், கணக்கில் ஃபெயில். எல்லாம் மாயமாக இருந்தால் எதுவும் மாயமாக இருக்காது. வீட்டுப்பாடம் ஒன்று நடுவில் வந்தால்தான் அந்தப் பக்கத்தில் நிற்கும் பேய் பயமுறுத்துகிறது.

மூன்றாவது, ரூம்மேட். கதாநாயகனை நம்பிப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அவர்கள் பெரும்பாலும் ஒரே அச்சு: உயரம், மௌனம், கடந்த காலத்தில் ஒரு காயம். ரூம்மேட்டைப் பாருங்கள். பள்ளி விதிகளைப் புதியவளுக்கு, அதாவது நமக்கு, சொல்லித் தருவது அவள்தான். தூது போவதும், எச்சரிப்பதும், விளக்கை அணைத்த பிறகு ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்பதும் அவள்தான். அவள் ஒரு முழு மனுஷியாக, அவளுக்கென்று ஒரு துக்கத்தோடு எழுதப்பட்டிருந்தால் அந்த நாவலை நம்பி மேலே போகலாம். ‘ஹெக்ஸ் ஹால்’ ஜென்னாவுக்கு அப்படி ஒரு துக்கம் இருக்கிறது. ‘வெட்னெஸ்டே’ பார்த்தவர்களுக்கு அந்த ஓநாய்ப் பெண் ரூம்மேட் நினைவுக்கு வருவாள். தொடரின் உயிரே அந்த அறையை நடுவில் பிரித்த கோடுதான்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது நம் அகப்பாட்டு. சிரிக்காதீர்கள். தலைவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதற்கு இற்செறிப்பு என்று பெயரே வைத்திருந்தோம். ஊர் வம்புக்கு அலர். தூது போகத் தோழி. அகநானூற்றில் பரணர் பாடிய 122ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். இரவில் காதலன் வர எத்தனை தடை! ஊர் தூங்கினால் அம்மா தூங்கமாட்டாள். அம்மா தூங்கினால் காவலர் சுற்றி வருவார்கள். காவலர் ஓய்ந்தால் நாய் குரைக்கும். நாய் சும்மா இருந்தால் நிலா பட்டப்பகல் போல எரிக்கும். நிலா மறைந்தால் கூகை கத்தும், சேவல் கூவும். இவை எல்லாம் அடங்கிய ஒரு நாளில் அவன் வரமாட்டான். அம்மாவுக்குப் பதில் தலைமையாசிரியை, நாய்க்குப் பதில் மந்திரக் கட்டு என்று போட்டால் இந்த நாவல்களில் பாதி அத்தியாயம் தயார். மான்டானா பள்ளியைப் பற்றி எழுதியவர் பரணரைப் படித்திருக்கப்போவதில்லை. தடை இருந்தால்தான் காதல் கதையாகும் என்பது ஊருக்கு ஊர் தானாகவே கண்டுபிடிக்கிற விஷயம் போல.

பிள்ளைகளுக்கு இதில் என்ன கிடைக்கிறது

பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி என்பதால் இதற்குத் தனியாக இரண்டு வார்த்தை.

ஒன்று, அப்பா அம்மா கதையில் இல்லை. ஜெம்மாவின் அம்மா இறந்துபோனாள், கிரேஸுக்கு இருவருமே இல்லை, சோஃபியை அனுப்பிவைத்துவிட்டார்கள். எழுதுகிறவர்களுக்குப் பெற்றோர் மேல் கோபம் ஒன்றும் இல்லை. பெரியவர் பக்கத்தில் இருந்தால் பிரச்சினையை அவர் தீர்த்துவிடுவாரே! பதினாறு வயதுப் பெண் தானே முடிவெடுத்து, தானே தப்புச் செய்து, தானே சரி செய்ய வேண்டும் என்றால் முதலில் பெரியவர்களை மேடையிலிருந்து இறக்க வேண்டும். ‘எவர்நைட்’டில் கதாநாயகியின் அப்பா அம்மாவே அங்கே ஆசிரியர்கள். அந்த விதிவிலக்கு ஏன் என்பது பாதிப் புத்தகத்தில்தான் தெரியும், சொல்லிக் கெடுக்கமாட்டேன்.

இரண்டு, உடம்பு. தினம் ஒரு மாதிரி மாறும், சொன்ன பேச்சைக் கேட்காத, பசி அடங்காத, கண்ணாடியில் பார்த்தால் யாரோ போல இருக்கும் ஓர் உடம்பு. பௌர்ணமிக்கு ஓநாயாக மாறுகிறவனின் கஷ்டத்தைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம். அந்த உடம்போடு ஏற்றுக்கொள்கிற ஒரு கூட்டம் எங்கோ இருக்கிறது, அங்கே எனக்கும் ஒரு கட்டில் இருக்கிறது என்று கதை சொல்கிறது. வகுப்பில் தனியாகச் சாப்பிடுகிற பிள்ளைக்கு அந்தக் கட்டில் சின்ன விஷயம் இல்லை.

மூன்று, ஆசையும் அடக்கமும். தொட்டால் கடித்துவிடுவேனோ என்று பயப்படுகிற ஒருவன். அதனால் ஒரு கை இன்னொரு கையைத் தொடுவதற்கே நாற்பது பக்கம் ஆகிறது. முதல் காதல் உயிர் போகிற விஷயம் போலத் தோன்றும் வயதில், நிஜமாகவே உயிர் போகும் என்று சொல்லுகிற கதை பொய்யாகத் தெரிவதில்லை.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள்

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நூறு வருடம் வாழ்ந்தவன் பதினேழு வயதுப் பெண்ணைக் காதலிப்பது இந்த வகையில் சர்வ சாதாரணம். அவன் அவளிடம் முகம் கொடுக்காமல் நடப்பதும், சொல்லாமல் பின்தொடர்வதும், ‘உன் நன்மைக்காகத்தான்’ என்று உண்மையை மறைப்பதும் காதலின் ஆழம் போலக் காட்டப்படும். ‘வேம்பயர் அகாடமி’யில் ரோஸுக்கு வயது 17, அவளுக்குப் பயிற்சி தரும் திமித்ரிக்கு 24. அது தவறு என்று அந்த நாவலுக்கே தெரியும், இருவரும் அதைப் பேசவும் செய்கிறார்கள். இருந்தும் வாசகர் மனம் அவர்கள் சேர வேண்டும் என்றே ஏங்கும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சாமர்த்தியத்தை ரசித்துக்கொண்டே சந்தேகப்படவும் பழக வேண்டும்.

வயதைப் பொறுத்தவரை என் கணக்கு இது. ‘ஹெக்ஸ் ஹால்’ பன்னிரண்டு, பதின்மூன்றுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ‘வேம்பயர் அகாடமி’யும் ஜெம்மா டாயிலும் பதினைந்துக்கு மேல், இரண்டிலும் ஒரு பெண் தன்னைத் தானே கீறிக்கொள்ளும் காட்சிகள் உண்டு, அதைப் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது. ‘ஹவுஸ் ஆஃப் நைட்’டின் முதல் புத்தகத்தில் தொடக்கத்திலேயே பாலியல் காட்சி ஒன்று வருகிறது. அட்டையைப் பார்த்துப் பிள்ளைப் புத்தகம் என்று வாங்கிவிடாதீர்கள்.

பிடுங்கி வைப்பதில் மட்டும் பிரயோசனம் இல்லை. தலையணைக்கு அடியில் போய்விடும். ‘அந்தப் பையன் செய்தது சரியா?’ என்று சாப்பிடும்போது சும்மா கேட்டுப் பாருங்கள். என் அக்கா மகளிடம் கேட்டேன். “சித்தி, அவன் நிஜத்துல இருந்தா பிளாக் பண்ணிடுவேன். கதையில ஓகே” என்றாள். என்னைவிடத் தெளிவாக இருந்தாள்.

எங்கே நிறுத்துவது

வரிசை என்றால் கடைசி வரை படித்தே தீர வேண்டும் என்று சட்டம் இல்லை. பதிப்பகங்களுக்குத்தான் அந்த ஆசை. ‘ஹெக்ஸ் ஹால்’ மூன்றையும் முடியுங்கள். ‘வேம்பயர் அகாடமி’யில் மூன்றாவது நூல் முடிகிற இடத்தில் யாராலும் நிறுத்த முடியாது, அதனால் ஆறுக்கும் தயாராகவே தொடங்குங்கள். ஜெம்மா டாயில் மூன்று பாகம், கடைசிப் பாகம் ரொம்ப நீளம், பொறுத்துக்கொள்ளலாம். ‘ஹவுஸ் ஆஃப் நைட்’ இரண்டோ மூன்றோ போதும். ‘கிரேவ்’ ஆறு பாகம். பரீட்சை நேரத்தில் தொடவே வேண்டாம்.

ஒரு நல்ல அடையாளம் சொல்கிறேன். எந்தப் பாகத்தில் கதை பள்ளியை விட்டு வெளியேறி உலகத்தைக் காப்பாற்றக் கிளம்புகிறதோ, அங்கே உங்கள் ஆர்வம் குறைகிறதா என்று கவனியுங்கள். எனக்குப் பெரும்பாலும் குறைகிறது. மணி அடிப்பது நின்றுவிட்டால், மெஸ்ஸில் யார் பக்கத்தில் யார் உட்கார்வது என்ற கேள்வி போய்விட்டால், அப்புறம் அது எல்லாக் கற்பனைப் போர்க் கதையும் போலத்தான். ‘வேம்பயர் அகாடமி’ நான்காவது பாகத்தில் ரஷ்யா வரை போயும் தாக்குப்பிடித்தது அந்த இரண்டு தோழிகளின் மனப்பிணைப்பு கூடவே போனதால்.

படங்கள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘வேம்பயர் அகாடமி’ 2014இல் படமாகவும் 2022இல் தொடராகவும் வந்தது. தொடர் ஒரு சீசனோடு நின்றது. ‘ஃபாலன்’ 2016இல் படமானது. புத்தகத்தை முடித்துவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் முகங்கள் ஒட்டிக்கொள்ளும்.

இவை எல்லாம் தெவிட்டிய பிறகு ஒன்று மட்டும் படித்துப் பாருங்கள். ‘கார்மிலா’. அயர்லாந்துக்காரர் ஷெரிடன் லெ ஃபானு எழுதியது, 1872இல் புத்தகமாக வந்தது, ‘டிராகுலா’வுக்கு இருபத்தைந்து வருடம் மூத்தது. காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். நூறு பக்கம் இருக்கும், ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம். அதில் பள்ளிக்கூடம் இல்லை. ஆஸ்திரியாவின் ஸ்டிரியா காட்டுக்குள் ஒரு கோட்டை, தனியாக வளரும் லாரா என்ற பெண், ஒரு நாள் வண்டி கவிழ்ந்து விருந்தாளியாக வந்து தங்கும் இன்னொரு பெண். வந்தவள் தினமும் மத்தியானம் வரை எழுந்திருக்கமாட்டாள், இரவில் தன் அறைக் கதவை உள்ளே பூட்டிக்கொள்வாள். ஒரு ராத்திரி லாரா பயந்துபோய்த் தட்டுகிறாள், பதிலே இல்லை. கதவை உடைத்து உள்ளே போகிறார்கள். பூட்டு உள்பக்கம் போட்டபடியே இருக்கிறது, கட்டிலில் ஆளைக் காணோம்.